வரிக்காசு: டைபீரியஸின் வெள்ளி தெனாரியஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மேசை டிராயரில் ஒரு ரோமானிய வெள்ளிக் காசு கிடக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் யார் கையில் அதைக் கொடுத்தாலும் வரிசையாக அதே கேள்விகள்தான் வரும்: யார் இந்த ஆள், என்ன எழுதியிருக்கிறது, பைபிளில் வருகிற காசா, எவ்வளவு பெறும், நம்ம ஊரில் எப்படிக் கிடைத்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். (அந்தக் காசு போலி. அந்தக் கதை பின்னால் வருகிறது.)

முதலில், இது என்ன காசு?

தெனாரியஸ். ரோமானியர்களின் அன்றாட வெள்ளிக் காசு. இங்கே பேசப்போவது டைபீரியஸ் என்ற பேரரசர் காலத்தில், அதாவது கி.பி. 14 முதல் 37 வரை அடிக்கப்பட்ட ஒரு குறிப்பிட்ட வகை. குறுக்களவு 18, 19 மில்லிமீட்டர் இருக்கும். எடை 3.7 கிராம் அளவில், அதாவது அரைப் பவுனுக்குச் சற்றுக் குறைவு. வெள்ளி கிட்டத்தட்ட சுத்தம், நூற்றுக்கு 97, 98 பங்கு. பிற்காலத்து ரோமானிய வெள்ளியைப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். மூன்றாம் நூற்றாண்டில் வெள்ளிக் காசு என்ற பெயரில் செம்புக்கு வெள்ளிப்பூச்சு பூசி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதில் என்ன எழுதியிருக்கிறது?

முன்பக்கம் வலப்புறம் பார்த்த முகம், தலையில் வாகை மாலை போன்ற ஓர் இலைமாலை. சுற்றிலும் லத்தீனில் 'டி சீசர் டிவி ஆக் எஃப் அவுகுஸ்துஸ்'. இடம் போதாமல் சொற்களை வெட்டிச் சுருக்கியிருக்கிறார்கள். விரித்தால் 'டைபீரியஸ் சீசர் அகஸ்டஸ், தெய்வமான அகஸ்டஸின் மகன்' என்று வரும். முந்தைய பேரரசர் அகஸ்டஸ் இறந்ததும் செனட் சபை அவரைத் தெய்வமாக அறிவித்துவிட்டது, அதனால் மகன் தெய்வத்தின் மகன் ஆகிவிட்டார். உண்மையில் பெற்ற மகன் இல்லை, தத்துப்பிள்ளை. அதுவும் மனமுவந்து எடுத்த தத்து இல்லை, வேறு ஆள் மிஞ்சவில்லை.

பின்பக்கம் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கையில் செங்கோல் (சில அச்சுகளில் தலைகீழான ஈட்டி), மறு கையில் ஒலிவக் கிளை. 'பொன்டிஃப் மாக்ஸிம்', அதாவது தலைமைப் பூசாரி என்ற பட்டம். அந்தப் பெண் அமைதித் தேவதை என்பார்கள், டைபீரியஸின் தாய் லிவியாவையே அப்படி வடித்திருக்கிறார்கள் என்றும் சொல்வார்கள். காசில் அவள் பெயர் இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் காசைக் கையில் வாங்கியவனுக்கு லிவியா ஞாபகம் வந்திருக்காது என்று நான் நம்பத் தயாரில்லை.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஏறத்தாழ இருபது வருடத்துக்கும் மேலாக இதே படத்தையே அடித்துத் தள்ளியிருக்கிறார்கள். மற்ற பேரரசர்கள் ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு புதுப்படம் போடுவார்கள். இவருக்கு அந்த ஆசையே இல்லை. சேகரிப்பவர்கள் நாற்காலியின் கால் கடைந்த வேலைப்பாடா வெறும் காலா, அடியில் ஒரு கோடா இரண்டு கோடா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து வகை பிரிக்கிறார்கள்.

எங்கே அடித்தார்கள்?

லுக்துனும் என்ற ஊரில். இன்றைய பிரான்ஸின் லியோன் நகரம். இயந்திரம் கிடையாது, கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, நடுவில் வெள்ளி வில்லை, மேலே சம்மட்டி அடி. அதனால்தான் எந்த இரண்டு காசும் ஒன்றாக இருப்பதில்லை. முகம் ஓரமாக நகர்ந்திருக்கும், எழுத்தில் பாதி விளிம்புக்கு வெளியே போயிருக்கும்.

ஒரு தெனாரியஸுக்கு என்ன வாங்கலாம்?

இதை இன்றைய ரூபாயில் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். சொல்ல மாட்டேன், அந்தக் கணக்கு எல்லாமே ஏமாற்று. கூலியை வைத்துப் பார்ப்பதுதான் நியாயம். திராட்சைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற இயேசுவின் உவமையில் ஒரு நாள் கூலி ஒரு தெனாரியஸ் (தமிழ் பைபிளில் 'ஒரு பணம்'). ரோமானியப் படைவீரனுக்கு வருடத்துக்கு 225 தெனாரியஸ். ஒரு தெனாரியஸுக்குப் பதினாறு 'ஆஸ்' என்ற செப்புக்காசு. வீரனுக்கு நாள் கணக்கில் கிடைத்தது பத்து ஆஸ். கி.பி. 14-இல் டைபீரியஸ் பதவிக்கு வந்த கையோடு டான்யூப் பக்கத்துப் படைகள் கலகம் செய்தன, அவர்கள் கேட்டவற்றில் ஒன்று 'நாளுக்கு ஒரு முழு தெனாரியஸ்'. அந்தப் பத்து ஆஸிலும் துணிக்கு, ஆயுதத்துக்கு, கூடாரத்துக்கு என்று பிடித்தம் வேறு. சம்பளச் சீட்டில் பிடித்தம் பார்த்து வயிறெரிகிறவர்களுக்கு இதைச் சொன்னால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

இந்த டைபீரியஸ் எப்படிப்பட்ட ஆள்?

சரி, இது பெரிய கதை. கி.மு. 42-இல் ரோமில் பிறந்தவர். தாய் லிவியா முதல் கணவனை விட்டு, பின்னாளில் அகஸ்டஸ் என்று அறியப்பட்ட ஆக்டேவியனைக் கட்டிக்கொண்டபோது பையனுக்கு நான்கு வயதுகூட நிறையவில்லை. வளர்ந்து நல்ல தளபதி ஆனார், வடக்கு எல்லைகளில் பல வருடங்கள் சண்டை போட்டார். விப்சானியா என்ற பெண்ணைக் கட்டி நிம்மதியாகத்தான் இருந்தார். அகஸ்டஸுக்குத் தன் விதவை மகள் ஜூலியாவுக்கு ஒரு கணவன் தேவைப்பட்டது, அதனால் விப்சானியாவை விலக்கச் சொல்லி உத்தரவு. விலக்கினார். பிறகு ஒரு நாள் தெருவில் அவளைப் பார்த்துவிட்டு, கண்ணில் நீர் தளும்பப் பின்னாலேயே பார்த்துக்கொண்டு போனாராம்; அதற்கப்புறம் அவள் அவர் கண்ணிலேயே படாதபடி ஏற்பாடு செய்தார்கள் என்று சுவிட்டோனியஸ் எழுதுகிறார். அந்த எழுத்தாளர் வம்பு விரும்பி, அவர் சொல்வதை எல்லாம் நம்பக்கூடாது, ஆனால் இதை நம்ப எனக்குத் தடை இல்லை.

ஜூலியாவோடு வாழ்க்கை சரிவரவில்லை. கி.மு. 6-இல் பொதுவாழ்க்கையை உதறிவிட்டு ரோட்ஸ் தீவுக்குப் போய் ஏழெட்டு வருடம் உட்கார்ந்துவிட்டார். அகஸ்டஸ் வாரிசாக நினைத்திருந்த பேரன்மார் இருவரும் ஒருவர்பின் ஒருவராக இறந்துபோக, கி.பி. 4-இல் வேறு வழியில்லாமல் டைபீரியஸைத் தத்தெடுத்தார். பேரரசர் ஆனபோது வயது 54. காசில் அவ்வளவு வயது தெரியாது, அதுதான் அரசாங்கப் படங்களின் வழக்கம்.

நல்லவரா கெட்டவரா?

கணக்கில் கெட்டி, மனிதர்களோடு பழகுவதில் படுமோசம். வரியைக் கூட்டச் சொன்ன ஆளுநர்களுக்கு 'நல்ல மேய்ப்பன் ஆட்டு மயிரைக் கத்தரிப்பான், தோலை உரிக்கமாட்டான்' என்று பதில் எழுதினார். கி.பி. 33-இல் ரோமில் கடன் நெருக்கடி வந்து நிலமெல்லாம் அடிமாட்டு விலைக்குப் போனபோது, தன் கையிலிருந்து பத்துக் கோடி செஸ்டர்ஸ் பணத்தை (நான்கு செஸ்டர்ஸ் ஒரு தெனாரியஸ்) மூன்று வருடத்துக்கு வட்டியில்லாக் கடனாக இறக்கினார். இறக்கும்போது கஜானாவில் 270 கோடி செஸ்டர்ஸ் இருந்ததாம், அடுத்து வந்த கலிகுலா அதை ஒரு வருடத்துக்குள் தின்று தீர்த்தார்.

மறுபக்கம் பயங்கரம். ராஜதுரோக வழக்குகள் பெருகின. காசுக்காரர்களுக்கு மறக்கவே முடியாத ஒன்று: அகஸ்டஸ் உருவம் பொறித்த காசையோ மோதிரத்தையோ கழிப்பறைக்குள்ளோ விலைமகளிர் வீட்டுக்குள்ளோ எடுத்துப்போவதுகூட மரண தண்டனைக் குற்றமாகக் கருதப்பட்டதாம். சட்டைப்பையில் சில்லறையோடு ஒதுங்க முடியாத காலம்.

கி.பி. 26-இல் ரோமை விட்டுக் கிளம்பியவர், அடுத்த வருடம் காப்ரி தீவில் போய்க் குடியேறினார், பிறகு சாகும்வரை தலைநகருக்குள் காலடி வைக்கவே இல்லை. அந்த இடைவெளியில் ரோமை ஆட்டிவைத்தவன் காவற்படைத் தலைவன் செஜானஸ். கி.பி. 31 அக்டோபரில் காப்ரியிலிருந்து ஒரு கடிதம் வந்து செனட்டில் வாசிக்கப்பட்டது, நீளமான கடிதம், முதலில் எதுவும் புரியாது, கடைசியில் செஜானஸைக் கைது செய் என்று முடிந்தது. அன்றைக்கே கொன்றார்கள்.

காப்ரியில் ஒரு மீனவன் பெரிய மீன் ஒன்றைப் பிடித்து, பின்பக்கப் பாறையில் ஏறி, திடீரென்று முன்னால் வந்து நீட்டினானாம். பயந்துபோன கிழவர் அந்த மீனாலேயே அவன் முகத்தைத் தேய்க்கச் சொன்னார். அவன் வலியிலும் 'நல்லவேளை, பெரிய நண்டு ஒன்றும் பிடித்தேன், அதைக் கொண்டுவரவில்லை' என்று வாயை விட, நண்டையும் வரவழைத்து அதாலும் தேய்த்தார்களாம். இதுவும் சுவிட்டோனியஸ் சொன்னதுதான், அப்படியே நம்பிவிட வேண்டாம்.

கி.பி. 37 மார்ச் 16-இல், 77 வயதில் இறந்தார். செய்தி கேட்டு ரோம் மக்கள் 'டைபீரியஸை டைபரில் போடு' என்று கூவினார்கள். டைபர் அங்கே ஓடுகிற ஆறு, பெயர்ப் பொருத்தம் அப்படி.

பைபிளில் வருகிற வரிக்காசு இதுதானா?

ஆங்கிலத்தில் இந்தக் காசை 'ட்ரிப்யூட் பென்னி' என்றே அழைக்கிறார்கள். ரோமுக்கு வரி கொடுப்பது நியாயமா என்று இயேசுவை மாட்டிவிட எதிராளிகள் கேட்டார்கள். கொடு என்றால் சொந்த ஜனம் வெறுக்கும், கொடுக்காதே என்றால் ரோமானிய ஆளுநரிடம் போட்டுக்கொடுக்கலாம். அவர் ஒரு காசைக் காட்டச் சொன்னார், இந்தச் சொரூபமும் மேலெழுத்தும் யாருடையது என்று கேட்டார், இராயனுடையது என்று அவர்கள் சொல்ல, 'இராயனுடையதை இராயனுக்கும், தேவனுடையதைத் தேவனுக்கும் செலுத்துங்கள்' என்றார். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் சீசர் 'இராயன்' ஆகியிருப்பதைக் கவனியுங்கள், டைபீரியஸும் லூக்காவில் 'திபேரியு ராயன்' என்றே வருகிறார். விஜயநகரத்து ராயர் ரோமாபுரிக்குக் குடிபோன மாதிரி இருக்கும். 'வரிக்காசு' என்ற அழகான சொல்லும் அதே மத்தேயு பகுதியில் இருக்கிறது, தலைப்புக்கு அங்கேயிருந்துதான் எடுத்தேன்.

இயேசு பேசிய காலம் டைபீரியஸின் ஆட்சி, டைபீரியஸின் அதிகம் புழங்கிய வெள்ளிக் காசு இது, ஆகவே இதுதான் அது என்பது வாதம். ஆனால் சுவிசேஷம் எந்தச் சீசர் என்று சொல்லவில்லை. அன்றைய யூதேயாவில் இந்த லியோன் காசுகள் அதிகம் புழங்கியதற்குத் தோண்டியெடுத்த சான்றும் குறைவு, அகஸ்டஸின் காசாகவும் இருந்திருக்கலாம் என்று மறுப்பவர்கள் உண்டு. என் கட்சி இரண்டாவது. ஆனால் கடைக்காரர்கள் முதல் கட்சி, ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

நம்ம ஊரில் இது கிடைத்ததாகச் சொல்கிறார்களே?

கிடைத்தது மட்டுமல்ல, குவியல் குவியலாகக் கிடைத்தது. 1800-இல் பொள்ளாச்சியில் ஒரு பானை நிறைய, அகஸ்டஸும் டைபீரியஸும். 1842-இல் கோவைக்குப் பக்கத்து வெள்ளலூரில் 500-க்கும் மேல். 1946-இல் உடுமலைப்பேட்டைப் பக்கம் பூதிநத்தத்தில் ஏறக்குறைய 1,400. தெலங்கானாவின் அக்கன்பள்ளியில் 1,500-க்கும் மேல். இன்றைக்கு வெள்ளலூர் என்றால் கோவைக்காரர்களுக்குக் குப்பைக்கிடங்குதான் ஞாபகம் வரும். அந்த மண்ணுக்கடியில் சீசரின் முகம் பானையில் படுத்துக்கிடந்தது.

வழி எளிது. எகிப்திலிருந்து பருவக்காற்றைப் பிடித்து கேரளக் கரையில் இருந்த முசிறித் துறைமுகம், அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய், அதைத் தாண்டினால் கொங்கு, அப்புறம் கரூர், காவிரி, கிழக்குக் கடற்கரை. யவனர் மரக்கலம் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று அகநானூறு முசிறியைப் பாடுகிறது. கறி என்றால் மிளகு. மிளகோடு கொங்குநாட்டுப் பச்சைக்கல்லும் போயிற்று. படியூரில் அந்தக் கல்லை வெட்டினார்கள், கொடுமணலில் பட்டை தீட்டினார்கள்.

இப்போது இந்தக் காசில் இருக்கிற ஆளைத் திரும்பப் பாருங்கள். கி.பி. 22-இல் ரோமில் ஆடம்பரத்தைச் சட்டம் போட்டுத் தடுக்கவேண்டும் என்று பேச்சு எழுந்தது. டைபீரியஸ் செனட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார், சட்டத்தால் ஆகாது என்று. அதில் ஒரு புலம்பல்: பெண்கள் போடும் கற்களுக்காக நம் பணம் அந்நிய நாடுகளுக்கும் பகை நாடுகளுக்கும் போகிறது. இந்தியா என்று பெயர் சொல்லவில்லை. ஆனால் அதை எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் லியோனில் அடித்த இவரது முகம் கப்பலேறி உடுமலைப்பேட்டை வரை வந்துகொண்டிருந்தது. இவருக்கு ஐம்பது வருடம் கழித்து பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர் கணக்கே போட்டார், வருடத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸை இந்தியா உறிஞ்சுகிறது என்று.

ஏன் அகஸ்டஸ், டைபீரியஸ் மட்டும் இவ்வளவு? மற்ற பேரரசர்கள் எங்கே?

வெள்ளிதான் காரணம். கி.பி. 64-இல் பேரரசர் நீரோ காசின் எடையைக் குறைத்தார். ஒரு ராத்தல் வெள்ளிக்கு 84 காசு என்றிருந்தது 96 ஆனது, வெள்ளியின் சுத்தமும் இறங்கியது. இங்கே வாங்கியவர்கள் சீசர் முகத்துக்கு மயங்கவில்லை, நிறுத்துத்தான் வாங்கினார்கள். தென்னிந்தியாவில் வெள்ளி அரிது, ஆகவே நல்ல வெள்ளி என்று பழக்கமான பழைய காசையே ஏற்றார்கள் என்பதுதான் பெரும்பாலோர் சொல்லும் விளக்கம். பழைய தங்கநகைக்கு 916 முத்திரை தேடுகிற புத்திதான்.

முகத்துக்கு மரியாதை இல்லை என்பதற்குச் சாட்சி வேண்டுமா? 1898-இல் புதுக்கோட்டைப் பக்கம் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. இனி இது செல்லாத காசு, வெறும் பொன் என்று காட்டவே வெட்டினார்கள் என்று பலர் கருதுகிறார்கள். டைபீரியஸின் தெனாரியஸைப் பார்த்து இங்கேயே அடித்த உள்ளூர் நகல்களும் உண்டு, அவற்றில் லத்தீன் எழுத்து வெறும் குச்சியும் வட்டமுமாக மாறியிருக்கும்.

இலங்கையிலும் ஒரு கதை உண்டாமே?

உண்டு, பிளினி சொல்வது. நீரோவுக்கு முந்தைய பேரரசர் கிளாடியஸ் காலத்தில் ஒரு ரோமானியர், வரி வசூல்காரர் ஒருவரின் முன்னாள் அடிமை, காற்றில் அடித்துப்போய் இலங்கையில் ஒதுங்கினார். அவரிடமிருந்த தெனாரியஸ்களை அங்கிருந்த அரசன் பார்த்தான். முகம் வெவ்வேறு, ஆனால் எடை ஒன்றே. ராஜா மாறினாலும் எடையை மாற்றாத ஜனம் நேர்மையானது என்று வியந்து ரோமுக்குத் தூது அனுப்பினானாம். நீரோ எடையைக் குறைப்பதற்குச் சில வருடம் முன்னால் நடந்த கதை. தூது போனவர்கள் கொஞ்சம் தாமதித்துப் போயிருந்தால் சங்கடமாகியிருக்கும்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

இப்போது என் டிராயர். பல வருடம் முன்பு ஒரு சந்தைக் கடையில், நல்ல தேய்மானம், அழகான முகம், விலையும் கட்டுப்படியாக, தாத்தா வயலில் உழும்போது கிடைத்தது என்ற கதையோடு வாங்கினேன். கதை கேட்டபோதே எழுந்து வந்திருக்கவேண்டும். வீட்டில் வந்து விளிம்பைப் பார்த்தால் சுற்றிலும் மெல்லிய கோடு, இரண்டு பாதி வார்ப்பு சேர்ந்த இடம். பரப்பில் ஊசிமுனை அளவு குழிகள், காற்றுக் குமிழி. சம்மட்டியால் அடித்த காசில் இந்த இரண்டும் இருக்காது. தராசில் வைத்தேன், 2.9 கிராம்.

அப்புறம், எல்லாப் போலியும் இன்றைய போலி இல்லை. செம்பு வில்லைக்கு வெள்ளித் தகடு போர்த்தி அந்தக் காலத்திலேயே ஏமாற்றியிருக்கிறார்கள். வெள்ளி உரிந்த இடத்தில் பச்சை எட்டிப்பார்க்கும். அந்தப் பழைய போலியைச் சேகரிக்கவும் ஆள் இருக்கிறார்கள், என்னுடையதற்குத்தான் யாரும் இல்லை.

காசைத் தேய்த்துச் சுத்தம் செய்யலாமா?

கூடவே கூடாது. விபூதி, புளி, எலுமிச்சை, பற்பசை எதுவும் வேண்டாம். பூஜைப் பாத்திரம் இல்லை இது. இரண்டாயிரம் வருடக் கருமையை ஐந்து நிமிடத்தில் தேய்த்துவிட்டால் மதிப்பும் அதோடு போகும்.

தோட்டத்தில் கிடைத்தால் வைத்துக்கொள்ளலாமா?

முடியாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும். பத்து ரூபாய் என்பது அந்தக் காலத்துப் பத்து ரூபாய், இன்றும் அப்படியே நிற்கிறது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருள், உரிமம் இல்லாமல் அதில் வியாபாரம் செய்யமுடியாது, தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. உருக்கிக் கொலுசு செய்த பானைகள் எத்தனையோ. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காசைவிட எந்த இடத்தில், எந்தப் பானையில், எதனோடு கிடந்தது என்பதுதான் பெரிய செய்தி.

உலகத்திலேயே அரிதான காசா?

இல்லை. எக்கச்சக்கமாக அடித்த காசு, ஏராளமாகக் கிடைக்கிறது. பைபிள் பெயர் ஒட்டிக்கொண்டதால் விலை கூடுதல், அவ்வளவுதான்.

நிஜக் காசை எங்கே பார்ப்பது?

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம். தமிழ்நாட்டுப் புதையல்களில் வந்த ரோமானியக் காசுகள் பெருமளவில் அங்கேதான் சேர்ந்தன. கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்று பார்க்கும்போது மூக்கைப் பாருங்கள், டைபீரியஸுக்கு நீளமான, நுனி சற்றே இறங்கிய மூக்கு. போகும்போது என் போலியையும் பையில் எடுத்துக்கொண்டு போயிருந்தேன், பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமென்று. வாசலில் பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.